"ஏல் எண்டால் என்ன, சேர்?"

நாவிதன்வெளிப் பகுதியில் நான் ஆசிரியத் தொழிலைத் தொடங்கிய பாடசாலை மிகச் சிறியது. கிடுகுக் கூரை, இடுப்பளவு அரைச்சுவர், வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே தடுப்பென்று எதுவும் இல்லை. ஒரு வகுப்பில் வாய்பாடு ஒப்புவித்தால் அடுத்த வகுப்பு அதைக் கேட்டுக்கொண்டே இலக்கணம் படிக்கும். அது 1974ஆம் ஆண்டின் மாரிகாலம். கிட்டங்கித் தாம்போதியின் மேலாக வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தமையால், கல்முனைப் பக்கத்திலிருந்து வரவேண்டிய ஆசிரியர்களிற் பலர் வரவில்லை. நான் ஒன்பதாம் வகுப்பிற்கு ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். பாடம் ராபின் ஹூட்டின் கதை. காட்டிலே அவனும் தோழர்களும் மானிறைச்சி உண்டு, 'ஏல்' அருந்தி மகிழ்ந்தார்கள் என்று அதில் ஒரு வாக்கியம் வந்தது.

"ஏல் எண்டால் என்ன, சேர்?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து கேட்டான்.

"ஆங்கிலேயர் அருந்தும் ஒரு பானம். பார்லித் தானியத்திலிருந்து செய்வது" என்றேன்.

"எங்கட கள்ளு மாதிரியா, சேர்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவனுடைய தகப்பனார் தென்னையில் கள் இறக்கும் தொழிலாளி என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். அந்தச் சிரிப்பை அடக்கியிருக்க வேண்டியவன் நான். அடக்கவில்லை. "கள் எங்கே, ஏல் எங்கே! அது நாகரிகம் படைத்தவர்களின் பானம். உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் அவன் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை.

வெள்ளத்தையும் பொருட்படுத்தாமல் தோணியேறி வந்து சேர்ந்த ஒரு முஸ்லிம் ஆசிரியர் அடுத்த வகுப்பில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். இடைவேளையின்போது என்னருகே வந்தார். "மாஸ்டர், கள்ளும் எங்களுக்கு ஹறாம், அந்த வெள்ளைக்காரன்ட சாமானும் ஹறாம்தான். எங்கட கணக்கில ரெண்டும் ஒண்டு. அப்ப அந்தப் பொடியன் கேட்டதில என்ன பிழை?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. அரை நூற்றாண்டு கழித்து அந்த விடையைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

மதுவைப் போற்றுவதன்று என் நோக்கம். கசிப்புக்கும் சாராயத்திற்கும் பலியான குடும்பங்களை நம் ஊர்களிற் கண்டவர் எவரும் அப்படி எழுதத் துணியார். ஆனால் ஒரு பொருளைப் பற்றி அறியாமலே ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்திப் பேசினேனே, அந்தப் பிழையைத் திருத்துவது ஆசிரியனுக்குக் கடமை. அன்று நான் ஏலைக் கண்ணாற் கண்டதுமில்லை. அதைப் பற்றி அறிந்ததெல்லாம் அகராதியில் இருந்த ஒரே ஒரு வரிதான்.

முதலில் அது எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பதைப் பார்ப்போம். பார்லியை நீரில் ஊறவைத்து, பரப்பி, முளைவிடச் செய்கிறார்கள். முளை சற்றே வெளிப்பட்டதும் சூட்டில் உலர்த்தி அதன் வளர்ச்சியை நிறுத்துகிறார்கள். இதுவே மால்ட். நம் வயற்காரர் விதைநெல்லைச் சாக்கிற் கட்டி ஊறப்போட்டு, முளை கண்டதும் சேற்றில் விதைப்பதில்லையா? அதே வேலைதான்; அவர்கள் விதைப்பதற்குப் பதிலாக உலர்த்துகிறார்கள். முளைவிடும்போது தானியத்தினுள் மாப்பொருளை இனிப்பாக்கும் நொதியங்கள் பிறக்கின்றன. பின்னர் மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால் இனிய சாறு இறங்கும். அதைக் கொதிக்கவைத்து ஆற்றி ஈஸ்டு சேர்த்தால், சில நாட்களில் ஏல் தயார். ஈஸ்டு மேலே நுரைத்தெழுந்து, மிதமான வெப்பத்தில் விரைவாகப் புளிக்கவைப்பது ஏலின் முறை. இன்று உலகெங்கும் விற்கப்படும் லாகர் பியரோ, குளிரில் மெதுவாகப் புளித்து, ஈஸ்டு அடியிலே தங்கும் வகையைச் சேர்ந்தது.

ஏலுக்கும் பியருக்கும் இடையே பழங்காலத்தில் இன்னொரு வேறுபாடும் இருந்தது. கசப்பும் மணமும் தரும் 'ஹொப்' என்னும் கொடிப்பூ, ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டில், பிளாண்டர்ஸ் நாட்டுப் பக்கமிருந்து இங்கிலாந்தினுள் புகுந்தது. அதற்கு முன்னர் ஆங்கிலேயர் அருந்திய ஏலில் ஹொப் இல்லை. கலங்கலாகவும் இனிப்பாகவும் இருக்கும். சில நாட்களில் புளித்துக் கெட்டுவிடும். ஆகவே தொலைவுக்குக் கொண்டு செல்ல இயலாது. பெரும்பாலும் பெண்கள் வீட்டிலேயே காய்ச்சி, வாசலில் ஒரு கழியை அடையாளமாக நட்டு, அயலவர்க்கு விற்றார்கள். 13ஆம் நூற்றாண்டிலேயே ரொட்டிக்கும் ஏலுக்கும் விலையும் அளவும் விதித்து அரசு சட்டம் செய்தது; இரண்டையும் ஏழைகளின் உணவாகவே அது கருதியது.

இந்தச் செய்தியைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன். ராபின் ஹூட்டின் கதை ஹொப் புகுவதற்கு முந்திய காலத்தில் நிகழ்வதாகச் சொல்லப்படுவது. எனவே அவன் அருந்திய ஏல், அன்றன்றே செய்து அன்றன்றே பருகும் கலங்கலான பானம், ஊரவர் கையால் ஆக்கியது, ஏழைகள் குடித்தது. அதற்கு நம் நாட்டில் உவமை தேடினால் கள்ளைவிடப் பொருத்தமானது எது? பாடப்புத்தகத்தை நான் படித்ததைவிட அந்தப் பையன் சரியாகப் படித்திருந்தான்.

2011இல் என் மகள் குடும்பத்தைப் பார்ப்பதற்காக இங்கிலாந்து சென்றிருந்தேன். அவர்கள் வசித்தது டார்பி நகரில். ஒருநாள் மருமகன், "மாமா, பர்ட்டனுக்குப் போய் வருவோமா? பக்கத்தில்தான்" என்று கேட்டார். நான் உடனே சம்மதித்தேன். டிரெண்ட் நதிக்கரையில் உள்ள பர்ட்டன், ஆங்கில இலக்கியம் படித்தோர்க்குப் புதிய பெயரன்று. ஹவுஸ்மன் 1896இல் வெளியிட்ட 'ஷ்ரொப்ஷயர் லாட்' என்னும் தொகுதியிலுள்ள ஒரு கவிதையில் அந்நகரைக் கேலியும் அன்பும் கலந்து குறிப்பிடுகிறார். அவ்வூரின் நிலத்தடி நீர் ஜிப்சம் படிந்த பாறைகளினூடே வருவது. அந்த நீரிலுள்ள கல்சியம் சல்பேற்று ஏலைத் தெளிவாக்கி, ஹொப்பின் கசப்பைத் துலக்கமாகக் காட்டும். பாஸ் என்னும் அவ்வூர் நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம் 1876ஆம் ஆண்டு தொடக்கத்தில் பிரித்தானியாவின் முதலாவது வர்த்தக அடையாளமாகப் பதிவாயிற்று. 1882இல் மானே தீட்டிய மதுச்சாலை ஓவியத்திலுள்ள புட்டிகளிலும் அதைக் காணலாம்.

நாங்கள் நுழைந்த மதுச்சாலையில் ஆரவாரம் இல்லை. இரு முதியவர்கள் ஒரு நாயைக் காலடியில் படுக்கவைத்துக்கொண்டு காற்பந்தாட்டத்தைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தனர். ஒரு பெண் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். பரிமாறுபவர் நீண்ட மரக்கைப்பிடியை இரண்டு மூன்று தடவை இழுத்து, நிலவறையிலிருந்த பீப்பாயிலிருந்து ஏலை மேலேற்றினார். அரைப் பைண்ட், அதாவது 284 மில்லிலீற்றர், என் முன்னே வைக்கப்பட்டது. செம்பொன் நிறம், மேலே மெல்லிய நுரை.

முதலில் முகர்ந்து பார்த்தேன். தீக்குச்சி கிழித்தாற் போன்ற ஒரு மெல்லிய கந்தக வாடை. அது அவ்வூர் நீரின் அடையாளம் என்று மருமகன் சொன்னார். அதன் கீழே எனக்கு நன்கு பழக்கமான வேறொரு மணம். சிறிது நேரம் பிடிபடவில்லை. பின்னர் நினைவு வந்தது: பெரும்போகத்துக்கு விதைநெல் ஊறவைத்த சாக்கை அவிழ்க்கும்போது எழும் மணம்! நாவிதன்வெளி வயல்வரம்பிலே சிறுவனாக நின்று முகர்ந்த மணத்தை, ஐந்தாயிரம் மைல்களுக்கு அப்பால், குளிர்நாட்டு மதுச்சாலையில் மீண்டும் முகர்ந்தேன். சுவை முதலில் ரொட்டி போன்ற இனிமை. பின்பு வேப்பம்பூ வடகத்தை நினைவூட்டும் கசப்பு, நாவின் அடியில் நெடுநேரம் தங்கிற்று. பனிக்கட்டிக் குளிர்ச்சி இல்லை, கிணற்றுநீரின் குளிர்ச்சிதான். நிலவறையின் வெப்பம் 11 முதல் 13 பாகை வரை இருக்கவேண்டும் என்பது மரபு.

பீப்பாயிலுள்ள ஏல் உயிருள்ள பானம். ஈஸ்டு அதனுள் இன்னும் வேலை செய்துகொண்டேயிருக்கும். அதைத் தெளியவைப்பதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பசையைச் சேர்ப்பது பழைய வழக்கம். பீப்பாயைத் திறந்தால் ஏறத்தாழ மூன்று நாட்களுக்குள் பருகி முடிக்கவேண்டும், அதன்பின் கெட்டுவிடும். ஆகவே தினமும் ஆட்கள் வந்து பருகும் இடத்தில் மட்டுமே நல்ல ஏல் இருக்கமுடியும். அது செழிக்க அயலவர் வேண்டும். அதன் வலிமையும் குறைவு; நாட்பொழுதில் பருகும் 'பிற்றர்' வகையில் மதுசாரம் பெரும்பாலும் நூற்றுக்கு மூன்றரை முதல் நாலரை வரைதான். அந்த முதியவர்கள் ஒரு பைண்டை முக்கால் மணி நேரம் வைத்திருந்தனர். அவர்கள் நாடி வந்தது பேச்சை. ஏல் அதற்குத் துணை.

ஜோர்ஜ் ஓர்வெல் 1946 பெப்ரவரியில் 'ஈவ்னிங் ஸ்ராண்டர்ட்' பத்திரிகைக்கு எழுதிய ஒரு கட்டுரை இங்கே நினைவுக்கு வருகிறது. தமக்கு விருப்பமான மதுச்சாலை ஒன்றை அதில் அவர் வருணிக்கிறார். பேசுவதற்கு ஏற்ற அமைதி, பெயர் தெரிந்த பரிமாறுபவர்கள், பிள்ளைகள் விளையாடத் தோட்டம் என ஒவ்வொன்றாகச் சொல்லிவந்து, இறுதியில் அப்படியோர் இடம் உலகில் இல்லை என்று முடிக்கிறார். ஏலை அனுபவிப்பது பற்றி எழுதப்புகுந்தவர், பெரும்பகுதியும் மனிதர் கூடியிருப்பதைப் பற்றியே எழுதினார் என்பது கருதத்தக்கது.

நிற்க. இந்தப் பானம் கடல் கடந்தபோது என்னவாயிற்று? கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியாவை அடைய நான்கு முதல் ஆறு மாதங்கள் பிடித்தன. இலண்டன் துறைமுகத்தை அடுத்திருந்த போ என்னுமிடத்தில் ஏல் காய்ச்சிய ஹொட்ஜ்சன் என்பார், கப்பல் அதிகாரிகளுக்கு நீண்டகாலக் கடன் கொடுத்து அவ்வணிகத்தைக் கைப்பற்றினார். இந்தியாவுக்கென்றே அவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார் என்று பலரும் எழுதுவதுண்டு. அவருக்கு முன்னரே ஏலும் போர்ட்டரும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன என்பதை ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஹொப் மிகுதியாகச் சேர்த்த அந்த ஏல், வெப்பமண்டலத்தில் மாதக்கணக்காக உருண்டு, பக்குவப்பட்டுக் கரையேறியது. 1820களில் பர்ட்டன் நகரத்து ஓல்சொப் நிறுவனம் அதே பாணியில் ஏல் காய்ச்சத் தொடங்கியது. முதற் சோதனையைத் தேநீர்க் கெண்டி ஒன்றிலேயே செய்து பார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. உலகம் இன்று 'இந்தியா பேல் ஏல்' என்றழைக்கும் வகையின் வரலாறு இது. அதன் பெயரில்தான் இந்தியா இருந்தது. அதை அருந்தியோரோ அங்கே பணிபுரிந்த வெள்ளையர்.

நம் தீவின் கதையும் அவ்வாறே. கிழக்கிலங்கைக் காடுகளில் யானை வேட்டையாடியவரும், பின்னர் 1864இல் ஆபிரிக்காவில் ஆல்பேர்ட் ஏரியைக் கண்டவருமான சாமுவேல் பேக்கர், 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உருவாக்க முயன்றார். அங்கு ஏல் காய்ச்சும் வேலையையும் தொடக்கியவர் அவரே என்பர். 1881இல் சிலோன் புரூவரி அங்கே நிறுவப்பட்டது. குளிர்ந்த காற்றும் அருவிநீரும் இருந்தமையால் தோட்டத் துரைமாருக்கு ஊர்ப்பானம் கிடைத்தது. அவர்களின் தேயிலைச் சரிவுகளிற் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளருக்கு அந்தக் கழகங்களின் வாசல் திறந்திருக்கவில்லை.

துரைமார் போய்விட்டனர், பானம் தங்கிவிட்டது. ஏலின் கரிய உறவாகிய ஸ்டௌட், இலங்கையில் 'லயன் ஸ்டௌட்' என்ற பெயரில் வாழ்கிறது. அதன் மதுசாரம் நூற்றுக்கு 8.8. மைக்கல் ஜாக்சன் (1942–2007) என்னும் ஆங்கில எழுத்தாளர், பியர் பற்றி எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர், இலங்கைக்கு வந்து இதனைச் சுவைத்து உலகறியப் பாராட்டினார். கண்டியில் மரப்பீப்பாயிலிருந்து கைப்பம்பினால் இறைத்து ஸ்டௌட் ஊற்றுவதைக் கண்டு அவர் வியந்தார். இங்கிலாந்திலேயே அருகிவந்த வழக்கம் அது. அங்கே 1971இல் நான்கு பேர் சேர்ந்து தொடங்கிய ஏல் பாதுகாப்பு இயக்கம்தான் பீப்பாய் ஏலை அழியாமற் காத்தது. எனினும் இழப்புகள் நிற்கவில்லை. பர்ட்டனுக்கே உரிய மரப்பீப்பாய்த் தொடரில் ஏலைப் புளிக்கவைக்கும் முறையை, அதைக் கடைசிவரை பேணிய மார்ஸ்டன் நிறுவனம் 2024இல் கைவிட்டது. ஒரு தொடரை மட்டும் தோண்பிரிட்ஜ் என்னும் சிறு நிறுவனம் பெற்றுக் காத்துவருகிறது.

இந்த இரு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். கடல் கடந்து வந்தது திரவமும் அதன் போதையும். அங்கேயே தங்கிவிட்டது அதைப் பருகும் முறை. வீட்டில் மென்மையாக இருந்தது இங்கே வலிமையாயிற்று. அயலவர் கூடிப் பேசுவதற்குத் துணையாக இருந்தது, பொலித்தீன் பையிற் சுற்றி ஒளித்து எடுத்துச் செல்லும் பொருளாயிற்று. நம் ஊர்களில் குடிப்பவன் பேசுவதற்காகக் குடிப்பதில்லை; நினைவை இழப்பதற்காகக் குடிக்கிறான். அதற்குக் கள்ளும் காரணமன்று, ஏலும் காரணமன்று.

புதிதாக இறக்கிய கள்ளின் வலிமையும் ஏலின் வலிமைக்கு அண்மையதுதான். வேறுபாடு செய்முறையில் உள்ளது. தென்னையின் பாளைச்சாற்றில் இனிப்பு ஏற்கெனவே இருக்கிறது. காற்றிலும் முட்டியிலும் உள்ள ஈஸ்டே அதைச் சில மணி நேரத்தில் புளிக்கவைக்கும். தானியத்திலோ இருப்பது மாப்பொருள். அதை முளைகட்டி இனிப்பாக்கவேண்டும். ஆகவே, தொழில்முறைப்படி பார்த்தால் ஏலுக்குக் கள் உடன்பிறப்பு அன்று, ஒன்றுவிட்ட உறவு.

அப்படியானால் உடன்பிறப்பு எது? அதை நான் நூலகத்திற் கண்டது பர்ட்டன் சென்று வந்த பிறகு. 1889இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த பத்துப்பாட்டில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, அகன்ற வாயுடைய பாத்திரத்தில் ஆறவைத்து, முளைத்த தானியத்தை இடித்து அதிற் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து விளையச்செய்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கும் நறவை அப்புலவர் படிப்படியாக வருணிக்கிறார். காய்ச்சுதல், ஆற்றுதல், முளைத்தானியம் சேர்த்தல், புளிக்கவைத்தல், வடித்தல்! பர்ட்டனில் மருமகன் எனக்கு விளக்கிய வேலைகளோடு இது எவ்வளவு நெருங்கி நிற்கிறது! அதே நூல், இல்லத்திலே ஆக்கிய நெற்கள்ளைத் 'தோப்பி' என்றும் சுட்டுகிறது. முளைகட்டிய தானியத்தாற் பானம் செய்யும் கலையைத் தமிழர் மீனவக் குடிசைகளிலேயே அறிந்திருந்தனர். அதைப் பாடுவதைப் புலவர் இழுக்காகக் கருதவில்லை. தமிழ் இலக்கியம் படித்துத் தேறிய நான்தான், "நாகரிகம் படைத்தவர்களின் பானம்" என்று ஒரு பிள்ளையை அமர்த்தினேன்.

ஊர் திரும்பியதும் என் கணித ஆசிரிய நண்பரைக் கண்டு இவற்றையெல்லாம் சொன்னேன். இருவரும் ஓய்வுபெற்றிருந்தோம். தலையை ஆட்டியபடி கேட்டிருந்தார். "குடிச்சீங்களா, மாஸ்டர்?" என்றார். "அரைப் பைண்ட்" என்றேன். "அது உங்கட விஷயம். அந்தப் பொடியனக் கண்டு சொன்னீங்களா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. சொல்வதற்கு அவன் ஊரில் இல்லை. 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போயிற்று. எங்கே போனார்கள் என்பதை அறிந்தவர் எவரையும் நான் சந்திக்கவில்லை. அவர்களுடைய வளவிலிருந்த தென்னைகளில் சில இன்னும் நிற்கின்றன. பாளை சீவுவார் இல்லாமல் தேங்காய் காய்க்கின்றன.

அவன் எங்கேனும் இருந்து வாரமலரைப் புரட்டக்கூடும் என்ற நப்பாசையில் இதை எழுதுகிறேன். தம்பி, அந்தப் பாடத்தில் வந்த ஏல், உன் அப்பா இறக்கிய கள்ளைப் போன்றதுதான். நீ கேட்டது சரியான கேள்வி. பிழையான விடை சொன்னவன் நான்.